எண்ணா, இழையா, நடையா: புத்தாண்டு இலக்கை எப்படி வைப்பது?

டிசம்பர் பிறந்ததும் எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இரண்டு கேள்விகள் கிளம்பும். பிள்ளையார் நோன்பு என்றைக்கு? வெளியூர்க்காரர்கள் என்றைக்கு வருகிறார்கள்? இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் முகப்பில் உட்கார்ந்துகொண்டு, "ஆயா, அடுத்த வருஷத்துக்கு உங்க கோல் என்ன?" என்று கேட்கிறார்கள். ஆயாக்களும், அதாவது பாட்டிமாரும், சளைத்தவர்கள் இல்லை. "தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேர்ந்து பழனி வரைக்கும் நடந்துரணும்" என்று பதில் வருகிறது.

இலக்கு வைப்பதில் அது ஒரு முறை. அதற்குப் போட்டியாக இன்னும் இரண்டு உண்டு. மூன்றுக்கும் எங்கள் ஊர் வழக்கிலிருந்தே பெயர் வைத்துக்கொள்கிறேன். வருஷக் கடைசியில் இவ்வளவு என்று ஒரு தொகையைக் குறிப்பது எண்: பத்துக் கிலோ குறைப்பது, ஒரு லட்சம் சேர்ப்பது, 24 புத்தகம் படிப்பது. முடிவைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் நாளுக்கு ஒரு சின்ன வேலை என்று போவது இழை. ஒரு தேதி, ஓர் ஊர், கூட வர நாலு பேர் என்று அமைவது நடை.

எண்

பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித்தொழிலுக்குப் போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தின், அந்தத் தலைமுறைக்கு எண்தான் எல்லாம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகும் வரைக்கும் ஒருவரை எடைபோட்டது பேரேடும் ஐந்தொகையும்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் கடந்து கடை பார்க்கப் போகும் ஏஜென்டுக்குத் தவணை வழக்கமாக மூன்று வருஷம். எதையும் பன்னிரண்டு மாதத்துக்குள் அடைத்துவிடப் பார்க்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எண்ணுக்கு ஆதரவாகப் பெரிய ஆராய்ச்சி மரபே இருக்கிறது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். "முடிந்ததைச் செய்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் வேலை நன்றாக நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. இதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாவற்றுக்கும் எண் வைக்கச் சொல்கிறார்கள். அதே ஆராய்ச்சியின் அடுத்த பாதியைப் பலர் சொல்வதில்லை. இன்னும் பழகாத, சிக்கலான வேலையில் எண்ணைக் கொண்டுபோய் வைத்தால் காரியம் கெடவும் செய்யும். அங்கே கற்றுக்கொள்வதையே இலக்காக வைப்பதுதான் மேல்.

"இந்த வருஷம் 12 செட்டிநாட்டுப் பலகாரம் கத்துக்கப் போறேன்" என்று ஒரு பெண் சொல்கிறாள் என்று வையுங்கள். மாதத்துக்கு ஒன்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் வெள்ளைப் பணியாரம். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அளவு சரி. அதுவரை யூடியூபே போதும். அப்புறம்தான் இருக்கிறது வேலை. மாவு ஒரு சொட்டு இளகினால் எண்ணெயில் பரந்து ஓடும், கெட்டியானால் நடு வேகாது. தீ கூடினால் பொன்னிறமாகிவிடும். பொன்னிறமான பின் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. மாவைக் கரண்டியில் எடுத்து ஊற்றும்போதே பதம் தெரிகிற கை வர, அந்த ஒன்றையே பல முறை சுட வேண்டும். 12 என்ற எண் அவளைப் பிப்ரவரியில் கந்தரப்பத்துக்கு விரட்டிவிடும். வருஷக் கடைசியில் பட்டியலில் 12 டிக் இருக்கும், ஒன்றுகூட விருந்தாளி முன் வைக்கிற மாதிரி இருக்காது. "பணியாரம் வெள்ளையாக, எழும்பி வருகிற வரைக்கும் வாரம் ஒரு முறை" என்று வைத்திருந்தால் வருஷத்துக்கு மூன்று பலகாரம்தான் தேறும். மூன்றும் கைக்கு வந்திருக்கும்.

பணத்துக்கு மட்டும் நான் எண்ணை விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கேகூட "வருஷத்துக்கு 60,000" என்பதைவிட "மாதம் 5-ஆம் தேதி 5,000 தானாகப் பிடித்துக்கொள்ளட்டும்" என்பது மேல். தபால் ஆபீஸ் ஆர்.டி.யோ, மியூச்சுவல் ஃபண்டோ, அது அவரவர் விருப்பம்.

இழை

பிள்ளையார் நோன்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்து வைப்பது மரபு. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த 21 இழையையும் திரியாக்கி, இழைமாவு என்ற இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள் இது வந்துவிடும். புத்தாண்டுத் தீர்மானம் எழுதுகிற அதே நாட்கள்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகத்தையும் நோன்பையும் முடிச்சுப் போட்டு, "அன்றைக்கே நம் முன்னோர்கள்..." என்று தொடங்குபவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. வாட்ஸ்அப் 21-க்கு மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன். அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். 'குறைந்தது' வழியில் உதிர்ந்துபோயிற்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கிற அளவுக்குப் படிய நடுவாந்திரமாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே ஜனவரி 21-ஆம் தேதி இன்னும் நடைப்பயிற்சி கசக்கிறது என்றால் உங்களிடம் ஒரு குறையும் இல்லை. அதே ஆய்வு ஆறுதலாக இன்னொன்றும் சொல்கிறது: ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை.

இழை முறையின் பலத்துக்கு எங்கள் பக்கத்துக் கோட்டையூரைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஊர்க்காரரான ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று கிடைத்ததையெல்லாம் பல பத்தாண்டுகள் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் 1992-இல் இறந்தபோது சேகரிப்பு லட்சத்தை ஒட்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற வழிசெய்தது. தமிழ் ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

குறை என்னவென்றால், இழை சத்தமில்லாமல் அறுந்துபோகும். யாருக்கும் தெரியாது, உங்களுக்கே பத்து நாள் கழித்துத்தான் தெரியும். இதற்கு மாற்றாக பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சொன்ன வழி எளிது. எதைச் செய்வேன் என்பதோடு, எப்போது, எதற்குப் பின் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். "தினமும் படிப்பேன்" என்று விடாமல், "காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் இரண்டு பக்கம்" என்று வைத்துக்கொள்வது.

நடை

குன்றக்குடியிலிருந்து பழனி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகளோடு கிளம்பும் கூட்டம் நத்தம் வழியாக நாள் கணக்கில் நடக்கும். முதல் முறை போகிறவர்கள் மார்கழியிலேயே விடிகாலையில் நடந்து பழக ஆரம்பித்துவிடுவார்கள். எந்த மொபைல் ஆப்பும் அவர்களை எழுப்பவில்லை. தேதி அசையாது, கூட வருகிறவர் வாசலில் வந்து நின்றுவிடுவார், பாதி வழியில் திரும்பினால் ஊர் கேட்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் சோம்பேறிக்கும் கால் வரும்.

பழனி வேண்டாம் என்றால் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டியோ, ஒரு பரீட்சையோ, கச்சேரி அரங்கேற்றமோ இதே வகைதான். குறை பழனியில் இறங்கியதும் தெரியும். பஸ் ஏறி ஊர் வந்து, மறுநாள் காலையில் யாரும் எழுந்து நடப்பதில்லை. பூசத்துக்கு அப்புறம் என்ன என்று முன்கூட்டியே யோசிக்காதவர்களின் மூட்டு, மாசியிலேயே பழையபடி முனக ஆரம்பித்துவிடுகிறது.

கையில் இல்லாத இலக்கு

மூன்று முறைக்கும் கட்டுப்படாத ஓர் இலக்கு எங்கள் ஊரில் வருஷா வருஷம் எழுதப்படுகிறது: "இந்த வருஷமாவது வீட்டை ரிப்பேர் பார்த்துரணும்."

மழைக்காலத்தில் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள நாட்டோட்டுத் தாழ்வாரத்தில் ஒழுகும். கீழே அண்டா வைப்பார்கள். அது நிரம்பினால் குடம். தேக்குத் தூணின் அடி ஈரத்தில் கறுக்கும். கண்ணாடி மாதிரி இருந்த சுண்ணாம்புப் பூச்சு ஒரு மூலையில் உப்பி உதிரும். ஓட்டைப் பிரித்து அடுக்க ஆள் கிடைக்கும், பணமும் புரளும். ஆனால் வீடு ஒருவருடையது இல்லை. பங்காளிகள் சென்னையில், துபாயில், கோலாலம்பூரில். ஒருவர் சம்மதிக்காவிட்டால் ஓடு அசையாது. இதற்கு "டிசம்பருக்குள் முழு வீடும்" என்று எண் வைப்பது, அடுத்தவர் மனசுக்கு நாம் கெடு வைப்பது. ஆகிற கதையா?

இப்படிப்பட்டவற்றை இழையாக உடைக்கலாம். மாதத்துக்கு ஒரு பங்காளியை அழைத்துப் பேசுவது, ஒழுகும் இடங்களைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவது, கொத்தனாரை அழைத்து மதிப்பு எழுதி வாங்குவது. இவ்வளவும் நம் கையில். ஓடு அடுத்த வருஷம் ஏறட்டும், அதற்கு அடுத்த வருஷமும் ஏறட்டும். மூன்று வருஷத் தவணை என்று சொன்னேனே, வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

சொல்லலாமா, வேண்டாமா?

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 1947-இல் சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டார். அழகப்பச் செட்டியார் அங்கேயே காரைக்குடிக்குக் கல்லூரி என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. ஊரறியச் சொன்ன சொல் அப்படித் துரத்தும்.

ஆனால் மேலே சொன்ன கோல்விட்சர் குழுவே 2009-இல் வேறொன்றையும் காட்டியது. 'நான் இப்படி ஆகப்போகிறேன்' என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டாலே, பாதி ஆகிவிட்ட நிறைவு வந்து உழைப்பு குறைகிறதாம். ஸ்டேட்டஸில் போட்டு நாற்பது கட்டைவிரல் வாங்கியவர்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. கூட நடக்க வருகிறவரிடமும், "என்ன ஆச்சு?" என்று கூச்சமில்லாமல் கேட்கிறவரிடமும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு எதற்கு?

ஜனவரியா, தையா, சித்திரையா?

பெரிய சண்டைக்கு இதில் இடமில்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளை அடுத்த நாட்கள் எல்லாமே மனிதருக்குப் புது வேகம் தருகின்றன என்று கண்டார்கள். உங்களுக்கு எது புது நாளாகத் தோன்றுகிறதோ அது போதும்.

சாப்பாட்டுத் தீர்மானத்தை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் ஜனவரியில் வைக்க வேண்டாம். பொங்கல், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், தை முகூர்த்தங்கள் என்று இலை விரித்தபடியே இருக்கும். கல்யாண வீட்டில் கந்தரப்பத்தை வேண்டாம் என்றால் ஆச்சிமார் விட மாட்டார்கள். எப்போது தொடங்கினாலும் "இனிப்பைத் தொடமாட்டேன்" என்று எழுதாதீர்கள். ஸ்வீடனில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 1,066 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைச் செய்வதாக எழுதியவர்களில் 58.9 சதவீதம் பேர் வெற்றி என்றார்கள். ஒன்றை விடுவதாக எழுதியவர்களில் 47.1 சதவீதம் பேர்தான். "சாயங்கால டீக்குச் சுண்டல்" என்று எழுதினால் சீப்புச்சீடை டப்பா தானாக மேல் தட்டுக்குப் போகும்.

சரி, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால்? பணத்துக்கு எண், கைத்தொழிலுக்கும் பங்காளி வீட்டுக்கும் இழை. உடம்புக்கு நான் நடையைத்தான் சொல்வேன், ஆனால் பூசத்துக்கு மறுநாளுக்கான இழையையும் இப்போதே முடிவு செய்துகொண்டு. மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். எழுதியதை ஆடியில் எடுத்துப் பாருங்கள். அந்த மாதம் முகூர்த்தம் கிடையாது, வெளியூரிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள், மத்தியானத்தில் நேரம் இருக்கும். மூன்றில் ஒன்று வேண்டாம் என்று அப்போது தோன்றினால் அடித்துவிட்டு மற்ற இரண்டோடு மார்கழி வரைக்கும் போகலாம்.