நுண்ணோக்கிப் படங்களைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது: மெட்டாடேட்டா வேலையோடு சில ஆண்டுகள்

ஆய்வுக் கட்டுரையோடு அதன் மூலப் படங்களையும் பொதுவில் வைக்கும்படி ஆய்விதழ்கள் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆய்வுக்குழுவில் அந்த வேலை சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. படங்களை ஏற்றுவது பெரிய விஷயமே இல்லை. இணைப்பு நன்றாக இருந்தால் இரவோடு இரவாக முடிந்துவிடும். நேரத்தை விழுங்குவது மெட்டாடேட்டாதான். இது என்ன செல், எப்படித் தயாரித்தது, எந்த லென்ஸில் எடுத்தது, எந்தக் கோப்பு எந்தச் சோதனையைச் சேர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும் பகுதி. இதைத் தொடர்ந்து செய்துவந்ததில் எது உண்மையிலேயே உதவுகிறது, எது சிரமம் தருகிறது என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே அனுப்புவது என்பதில் பெரிய குழப்பம் தேவையில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் மூலப் படங்களுக்கு எம்பியார் என்ற களஞ்சியம் இருக்கிறது. மற்றவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கக்கூடிய மேற்கோள் தரவுத்தொகுப்பு என்றால் இமேஜ் டேட்டா ரிசோர்ஸ். மற்றபடி, கட்டுரையோடு போகும் பெரும்பாலான உயிரியல் படங்களுக்குப் பயோஇமேஜ் ஆர்கைவ் பொருந்தும். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் 2019-இல் தொடங்கியது இது. எங்கள் படங்களும் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. ஒரு நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே ஏற்ற முடியாது என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையின் முதுகெலும்பு ரெம்பி. உயிரியல் படங்களுக்கு எந்தெந்த விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்று பலதுறை ஆய்வாளர்கள் கூடி வகுத்து 2021-இல் வெளியிட்ட பரிந்துரை அது. முதல் தடவை படிவத்தைத் திறப்பவர்களுக்கு மலைப்பாக இருக்கும். ஆய்வு, உயிரி மாதிரி, தயாரிக்கப்பட்ட மாதிரி, படமெடுப்பு, பகுப்பாய்வு என்று தனித்தனிப் பகுதிகள். இவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் ஆய்வுக்கூறு என்று இன்னொன்று. 'ஏன் இவ்வளவு பிரிவு, ஒரே பத்தியில் எழுதிவிடலாமே' என்று மாணவர்கள் கேட்பார்கள். நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு எனக்கு இந்தப் பிரிவுதான் மிகவும் பிடித்திருக்கிறது. அது கோப்பைப் பின்தொடர்வதில்லை, மாதிரியைப் பின்தொடர்கிறது. ஒரே செல் வகை, அதற்கு இரண்டு விதமான சாயமேற்றல், இரண்டு நுண்ணோக்கி என்று வைத்துக்கொள்வோம். உயிரி மாதிரியை ஒருமுறை எழுதினால் போதும். தயாரிப்பு இரண்டு, படமெடுப்பு இரண்டு. எது எதோடு சேரும் என்பதை ஆய்வுக்கூறு சொல்லிவிடும். ஒரே விஷயத்தை நான்கு இடத்தில் எழுதி, நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டு நிற்கும் அவலம் இதில் வராது.

உயிரி மாதிரிப் பகுதியில் மாறிகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். செல்லுக்கு உள்ளேயே இருப்பது ஒன்று. ஒரு மரபணுவை நீக்கியிருந்தால், ஒளிரும் புரதத்தைச் சேர்த்திருந்தால் இதில் வரும். வெளியிலிருந்து கொடுத்தது இன்னொன்று. மருந்து, அதன் அளவு. சோதனையில் வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தது மூன்றாவது, நேரம் போல. இந்த மூன்றையும் குழப்பாமல் எழுதினாலே சோதனையின் வடிவம் படிப்பவருக்குப் புரிந்துவிடும். உயிரினத்தின் பெயரை என்சிபிஐ (அமெரிக்காவின் உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம்) வகைப்பாட்டின்படி கொடுக்க வேண்டும். ஹீலா செல் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனிதச் செல் வகை) என்றால் உயிரினத்துக்கான கட்டத்தில் மனிதன், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், எண் 9606. 'ஹீலா' என்ற பெயர் அடுத்த கட்டத்துக்கு உரியது. புதிதாக வருபவர்கள் இங்கே தயங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், பிக்சல் அளவு. என்னைக் கேட்டால் வேறு எந்த விவரம் விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது. வேறொருவர் இந்தப் படங்களை எடுத்து செல்களைப் பிரித்தறியும் ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவிக்க நினைத்தால், பிக்சல் ஒன்று எத்தனை மைக்ரான் என்று தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பலரும் நினைப்பது போல அது எப்போதும் கோப்புக்குள் சரியாக இருப்பதில்லை. கேமராவின் பிக்சல் 6.5 மைக்ரான், லென்ஸ் 60 மடங்கு என்றால் மாதிரியில் ஒரு பிக்சல் சுமார் 0.108 மைக்ரான். ஆனால் சில நுண்ணோக்கிகளில் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 1.5 மடங்கு பெருக்கி ஒன்று இருக்கும், கையால் திருப்பிவிடுவது. அதைத் திருப்பியது மென்பொருளுக்குத் தெரியாது. கோப்பில் 0.108 என்றே பதிவாகும், உண்மையில் அது 0.072. பின்னிங், அதாவது பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது, போட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி மாறும். ஆகவே ஒவ்வொரு தொகுப்பிலும் இந்த வகுத்தலை நானே கையால் போட்டுப் பார்க்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் படமெடுத்தவரிடம் போய்க் கேட்கிறேன். முப்பரிமாணப் படம் என்றால் அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

அடுத்து சேனல் பெயர்கள். ஒரே மாதிரியைத் தனித்தனி ஒளியில் எடுத்த ஒவ்வொரு படமும் ஒரு சேனல். கோப்பைத் திறந்தால் 'ஜிஎஃப்பி' என்று ஒரு சேனல் இருக்கும். மாதிரியிலோ ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதமே கிடையாது. நுண்ணோக்கியில் அந்த வடிகட்டிக்கு யாரோ எப்போதோ வைத்த பெயர் அது. உண்மையில் ஒளிர்வது அலெக்ஸா 488 சாயம் ஒட்டிய எதிர்ப்பான் (ஆன்டிபாடி), காட்டுவது டியூபுலின் என்ற புரதத்தை. இதைத் தெளிவாக எழுதாவிட்டால், படத்தை எடுப்பவர் இது மரபணு மாற்றிய செல் என்றே நினைத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு சேனலுக்கும் நான்கு விஷயம் எழுதுகிறேன்: என்ன மூலக்கூறு, அதை எது காட்டுகிறது, எந்த அலைநீளத்தில் தூண்டியது, எந்த அலைநீளத்தில் பிடித்தது. எதிர்ப்பான் என்றால் அதன் ஆர்ஆர்ஐடி எண்ணும், அதாவது ஆய்வுப் பொருள்களுக்கான அடையாள எண்ணும், சேரும். படத்தில் பச்சையாகத் தெரிகிறது, சிவப்பாகத் தெரிகிறது என்பதெல்லாம் விவரமே அல்ல. அந்த நிறத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நுண்ணோக்கியின் கோப்புகளிலிருந்து இருப்பதை எடுக்கப் பயோ-ஃபார்மட்ஸ் என்ற மென்பொருள் பெரிய துணை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும். ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளுக்கு உள்ளிருந்தே பயன்படுத்தலாம். ஆனால் கருவிக்குத் தெரிந்தது கருவியைப் பற்றி மட்டும்தான். லென்ஸ், வெளிப்பாட்டு நேரம், லேசர் எல்லாம் கோப்பில் கிடைக்கும். மருந்து எவ்வளவு நேரம் இருந்தது, செல் எத்தனையாவது தலைமுறை, எதில் உறையவைத்தது என்பதெல்லாம் ஆய்வுக் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும். சில நேரம் ஒருவர் நினைவில் மட்டுமே. கட்டுரை ஏற்கப்படும் நேரத்தில் அந்த ஒருவர் ஆய்வகத்தை விட்டே போயிருப்பார். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், படமெடுத்த அன்றே அந்தக் கோப்புறைக்குள் ஒரு சாதாரண உரைக்கோப்பு வைத்துவிடுங்கள். மாதிரி, தயாரிப்பு, சேனல்கள், கையால் மாற்றிய அமைப்புகள். அழகாக எழுத வேண்டியதில்லை. எங்கள் குழுவில் இதைப் பழக்கமாக்கியதிலிருந்து சமர்ப்பிக்கும் வேலை பாதியாகக் குறைந்ததாகவே உணர்கிறேன்.

இனி கோப்புப் பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, முதல் நெடுவரிசையில் கோப்பின் பாதை, அடுத்தடுத்து அந்தக் கோப்புக்கு மட்டும் உரிய விவரங்கள். எக்செல்லிலும் கொடுக்கலாம், டேப்பால் பிரித்த உரையாகவும் கொடுக்கலாம். நான் உரையைத்தான் விரும்புகிறேன், காரணம் இருக்கிறது. 'செப்ட்1' (SEPT1) என்ற மரபணுப் பெயரை எக்செல்லில் தட்டினால் அது செப்டம்பர் 1 ஆகிவிடும். இந்தத் தொல்லை எவ்வளவு பெரிது என்றால், மனித மரபணுப் பெயரிடல் குழு அந்த வரிசைப் பெயர்களையே செப்டின் என்று மாற்றிவிட்டது. தட்டு 2, கட்டம் 3 என்பதை '2-3' என்று எழுதினாலும் தேதியாகும். 007 வெறும் 7 ஆகும். பாதையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். சாய்கோடு முன்பக்கம் சாய்ந்ததாக (/) இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு சிறிய பைத்தான் நிரலிடம் விட்டுவிட்டேன். கோப்புறையைப் படித்துப் பட்டியலை அதுவே எழுதும். பட்டியலில் இருந்தும் கோப்புறையில் இல்லாததையும், கோப்புறையில் இருந்தும் பட்டியலில் இல்லாததையும் காட்டிக்கொடுக்கும். பகுப்பாய்வில் வரைந்த செல் எல்லைகளையும் சேர்த்து அனுப்பினால், எந்த எல்லை எந்த மூலப் படத்துக்கு என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். அது இல்லாத தொகுப்புகளை நானே பதிவிறக்கித் தவித்திருக்கிறேன்.

தயாரிப்பு முறையை எழுதும் கட்டத்தில் 'முன்பு விவரித்தபடி' என்று எழுதி முடிப்பதை நான் ஏற்பதில்லை. அந்த முந்தைய கட்டுரையைத் தேடிப் போனால் அது இன்னொன்றைக் கைகாட்டும். நான்கு வரியில் இங்கேயே எழுதிவிடலாம்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. கருவி கொடுத்த மூலக் கோப்பை அப்படியே அனுப்புவது நல்லது. 8 பிட் டிஃப்பாக மாற்றி அனுப்பினால் ஒளிச்செறிவின் நுணுக்கமும் போகும், உள்ளே இருந்த விவரங்களும் போகும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓஎம்இ-டிஃப் அல்லது ஓஎம்இ-ஸார் என்ற திறந்த வடிவங்கள். மிகப் பெரிய படங்களுக்கு ஸார் அருமையானது. முழுவதையும் இறக்காமலே உலாவியில் வேண்டிய பகுதியை மட்டும் பார்க்கலாம்.

சமர்ப்பித்த பிறகு கிடைக்கும் வசதிகள் எனக்கு முழுத் திருப்தி. சேர்க்கை எண் சீக்கிரமே வந்துவிடும், அதைக் கட்டுரையில் குறிப்பிடலாம். வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வைக்கலாம், மதிப்பீட்டாளர்களுக்கு மட்டும் தனி இணைப்பு கொடுக்கலாம். சிறிய தொகுப்பை உலாவி வழியாகவே ஏற்றலாம். பெரியதற்கு எஃப்டிபி அல்லது ஆஸ்பெரா என்ற கோப்பு அனுப்பும் வழிகள்.

குறை என்று பார்த்தால், நுண்ணோக்கி மென்பொருளும் களஞ்சியத்தின் படிவமும் இன்னும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. லென்ஸின் எண் துளை (அது எவ்வளவு ஒளியைச் சேகரிக்கும் என்பதைச் சொல்லும் எண்) கோப்புக்குள்ளேயே இருக்கிறது, நான் அதைப் பார்த்துப் படிவத்தில் மறுபடி தட்டுகிறேன். படமெடுக்கும் திரையிலேயே மாதிரி விவரத்துக்கு ஒரு கட்டாயக் கட்டம் வைத்து, அது ரெம்பியின் தலைப்புகளோடு கோப்புக்குள் போய் உட்கார்ந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி தேவைப்படாது. கருவி வாங்கும் குழுக்களில் இருப்பவர்கள் விலை பேசும்போதே இதைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.