ஆறு வருடம் பாவித்த மலிவு இடியன்

யாழ்ப்பாணம் வந்து இரண்டு கிழமை. என்னுடைய இடியன், வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் துவக்கு, கனடாவில் ஒன்டாரியோவில் அலுமாரிக்குள் நிற்கிறது. இங்கே கொண்டுவருவதை நினைக்கவே ஏலாது, 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கைபேசியில் படங்களும் ஒரு வீடியோவும் மட்டும் கொண்டுவந்தேன். அவற்றைக் கொடிகாமத்து மாமாவுக்குக் காட்டப்போய்த்தான் இதை எழுத வேண்டும் என்று பட்டது.

சாமான், இந்தியாவில் செய்த பிரௌன் பெஸ் நகல். பிரௌன் பெஸ் என்றால் அந்தக் காலத்து ஆங்கிலப் படையின் நீளத் துவக்கு. கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் செய்த 'இந்தியா பேட்டர்ன்' வகை: 39 அங்குலக் குழல், முக்கால் அங்குலத் துளை. பகிடி என்னவென்றால், அந்தப் பெயரோடு வந்த அசல் இங்கிலாந்தில் செய்தது, என்னுடைய நகல்தான் உண்மையில் இந்தியாவில் செய்தது. 1795இல் எங்கட கோட்டையை ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்த ஆங்கிலப் படைக்காரர் தூக்கியதும் பிரௌன் பெஸ்தான். அந்த ஆசையில் வாங்கினேன். தீக்கல்லால் வெடிக்கும் நீளத் துவக்கின் நகலுக்குக் கனடாவில் அனுமதிப்பத்திரமும் தேவையில்லை.

பெட்டியைத் திறந்தால் பற்றுவாயே இல்லை. குழலுக்கு வெளியே பொறி விழுந்து பற்றும் மருந்துக் கிண்ணத்து நெருப்பு குழலுக்குள் போகும் அந்தச் சின்ன ஓட்டையைப் போடாமல் அனுப்பியிருந்தார்கள். ஓட்டை இல்லாதவரைக்கும் அது அலங்காரப் பொருள். ஓட்டையை நீ போட்டால் பொறுப்பும் உன் தலையில். விற்றவர் கெட்டிக்காரர்.

துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்தேன். அவர் குழலின் பின்முனையை அடைக்கும் அடிக்கட்டையைக் கழற்றி, புரியையும் குழலின் உட்பக்கத்தையும் பார்த்து, பொருத்து இல்லாத குழாய், பரவாயில்லை என்றார். எனக்கு வாய்த்தது நல்ல குழல். அதே கடையில் அடுத்ததாக வாங்கியவருக்கு என்ன வாய்த்ததோ! இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியாவில் செய்கிற துவக்கென்றால் ஒவ்வொரு குழலையும் கூடுதல் வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். பர்மிங்காமில் 1813இலிருந்து அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. கனடாவில் அந்தக் கட்டாயம் இல்லை. என் குழலில் ஒரு முத்திரையும் கிடையாது.

பயந்தது குழலுக்கு, படுத்தியது கல்லைப் பிடித்து அடிக்கும் குதிரைப் பக்கம். கல் உரசுகிற இரும்புத் தட்டு மெத்தென்று இருந்தது. பத்துத் தரம் தட்டினால் மூன்று தரம் பொறி வரும், மற்ற நேரம் கல் அதை மரம் சீவுவதுபோலச் சீவும். கடினப்படுத்திக் கொடுத்த பிறகு பத்துக்கு எட்டு. இரண்டாம் வருடம் வில் (ஸ்பிரிங்) முறிந்தது. அதற்கு உதிரிப்பாகம் தேடினால் அளவு ஒன்றோடொன்று பொருந்தாது, கையால் செய்விக்க வேண்டும். கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாவித்த இத்தாலியத் துவக்கு ஒன்றின் விலைக்குக் கிட்ட வந்துவிட்டது. இவ்வளவுக்கும் மரவேலை வடிவு, பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

மாமா படங்களைப் பெரிசாகக் கவனிக்கவில்லை. எழுபதுகளில் வன்னியில் கொல்லன் செய்த இடியனோடு பன்றிக்குக் காவல் இருந்தவர். வீடியோவைத்தான் மூன்று தரம் போடச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நெருப்புக்கும் வெடிக்கும் இடையில இழுக்குது தம்பி. வெடிக்காட்டி எவ்வளவு நேரம் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிப்பாய்?"

"ஒரு நிமிஷம், மாமா. வாயை ஆக்கள் இல்லாத பக்கம் பிடிச்சு."

"குண்டு மருந்தில முட்டினது எப்பிடித் தெரியும்?"

குண்டை இடித்து இறக்கும் இடிகோலில் கீறிவைத்த அடையாளத்தைச் சொன்னேன். தலையாட்டினார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெளி விட்டால் நல்ல குழலும் வெடித்துப் பிளக்கும், அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கருமருந்து தவிர வேறெதுவும் போடுவதில்லை என்றும் சொன்னேன். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தைப் போட்டால் இத்தாலியக் குழலும் தாங்காது.

"எத்தினை வெடி வச்சிருப்பாய்?"

"600க்கு மேல."

"ஓட்டை பெருத்திருக்குமே?"

பெருத்துத்தான் இருந்தது. போன கோடையில் பக்கத்தில் நின்ற நண்பரின் சட்டைக் கையில் பொறி பறந்து விழுந்த பிறகுதான் அளந்து பார்த்தேன். பற்றுவாய்க்குள் புது உறை போட்டு ஓட்டையைச் சிறிதாக்கும்வரை வெடிப்பதை நிறுத்தியிருக்கிறேன். அதையும் மாமாவிடம் சொன்னேன்.

அவர் வலக்கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தாடிக்கு மேலே, தோலுக்குள், எள்ளுக் கொட்டினமாதிரிக் கரும்புள்ளிகள். சின்ன வயதிலிருந்து மச்சம் என்று நினைத்திருந்தேன்.

"எனக்குப் பக்கத்தில நிண்டவன்ர துவக்கு," என்றார். "அதிலயும் ஓட்டை முதல்ல சின்னன்தான்."