7,800 ரூபாய் புகை அலாரம்: அறை முழுக்கப் புகை, அது வாயே திறக்கவில்லை

வயதான அப்பா அம்மாவைத் தனியாகத் தூங்க வைக்கும் வீடுகளில் யாராவது ஆன்லைனில் புகை அலாரம் வாங்க நினைத்தால், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று அலாரம், மாட்டும் கூலியோடு 7,800 ரூபாய். மூன்றும் டுபாக்கூர். போன வாரம் ராத்திரி அம்மாவின் அறையில் ஏசி ஸ்டெபிலைசரின் பிளக் பாயின்ட் கருகிப் புகை மண்டியபோது, அதே அறையின் சீலிங்கில் இருந்த அலாரம் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. இருமி இருமி அம்மாவே எழுந்து கதவைத் திறந்ததால்தான் தப்பித்தார்.

வீட்டுப் பாதுகாப்புச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினோம். புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. '10 வருட பேட்டரி' என்று பெட்டியிலேயே பெரிதாக அச்சடித்திருந்தார்கள். மாட்ட வந்த பையன் மரியாதையாகப் பேசினான், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான், சீலிங்கில் துளை போட்ட தூசியைக்கூடத் துடைத்துவிட்டுப் போனான். மாட்டி முடித்ததும் நடுவில் இருந்த பட்டனை அமுக்கினான். காதைப் பிளக்கிற சத்தம். "நிம்மதியாத் தூங்குங்கம்மா, புகை வந்தா இது எழுப்பி விட்டுடும்" என்றான்.

அம்மா கேட்டார்: "வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவேனே தம்பி, அதுக்கும் கத்துமா?"

"கத்தாதும்மா. சாம்பிராணிப் புகை வேற, தீப்புகை வேறன்னு இதுக்குத் தெரியும்."

அந்த ஒரு பதிலில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களுக்கும்தான். ஆனால் அது அப்பட்டமான பொய். நம் வீடுகளுக்கு விற்கிற சாதாரண அலாரத்துக்குள் ஒரு கறுப்பு அறை இருக்கும், அதில் ஒரு ஒளிக்கற்றை ஓடும். புகை உள்ளே புகுந்தால் அந்த ஒளி சிதறி சென்சாரில் விழும், உடனே கத்தும். சாம்பிராணியா, ஒயர் கருகுகிறதா என்று அது பிரித்துப் பார்க்காது. வாராவாரம் அம்மா சாம்பிராணி போட்டபோதும் அது பேசாமல் இருந்ததற்குக் காரணம், அதற்குப் புகையே தெரியாது என்பதுதான்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒயர் லூஸாக இருந்து, சூடேறிச் சூடேறி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்சிபி. "அது ஏன் டிரிப் ஆகலை?" என்று கேட்டேன். லூஸ் கனெக்‌ஷனில் கரன்ட் கூடுதலாகப் போவதில்லை, இணைப்பு மட்டும்தான் கொதிக்கிறது, அதனால் எம்சிபிக்குத் தெரியாது என்றார். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே புகை அலாரம்! கருகும் பிளாஸ்டிக் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். தூங்குகிறவரை அது எழுப்பாது, இன்னும் ஆழமாக மயக்கத்தில் தள்ளும்.

அப்புறம் அவரே அலாரத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். ஒரு சாதாரண 9 வோல்ட் பேட்டரி, சத்தம் போட ஒரு பஸ்ஸர், மினுக்கிக்கொண்டே இருக்க ஒரு சிவப்பு எல்இடி, ஒரு பட்டன். கறுப்பு அறை இருக்க வேண்டிய வட்டத்தில் வெறும் பிளாஸ்டிக். சென்சாரே கிடையாது. மற்ற இரண்டும் அதே கதைதான். 7,800 ரூபாய்க்கு மூன்று காலிங் பெல்லை சீலிங்கில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புகார் சொன்னால் சாட்டில் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று வருகிறது, அடுத்த வரியிலேயே "ரிட்டர்ன் காலம் 7 நாள் முடிந்துவிட்டது". போனில் ஒரு பெண், "புகை அலாரம் வரைக்கும் போயிருக்காது சார்" என்கிறார். அறையின் சுவரெல்லாம் கரி படிந்த போட்டோவை அனுப்பினேன். "நீங்க திறந்துட்டீங்க, வாரண்டி போயிடுச்சு" என்று அடுத்த பதில். மாட்ட வந்த பையனின் எண் சுவிட்ச் ஆஃப். கடைசியில் 500 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் கடையிலேயே செலவழிக்க. போனது 7,800 ரூபாய், போக இருந்தது என் அம்மாவின் உயிர். இதற்கு 500 ரூபாய் கூப்பன்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்துவிட்டேன். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைன் கடை புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். பட்டனை அமுக்கிக் கத்துவதை வைத்து நம்பாதீர்கள், அது பேட்டரியும் பஸ்ஸரும் இருப்பதற்கு மட்டும்தான் சாட்சி. மாட்டுகிறவர் கிளம்பும் முன் ஊதுபத்தியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையை அலாரத்துக்குக் கீழே காட்டச் சொல்லுங்கள். கத்தாவிட்டால் அங்கேயே கழற்றிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்றைக்கே செய்து பாருங்கள். நல்ல அலாரமாக இருந்தாலும் மாதம் ஒருமுறை பட்டனை அமுக்குங்கள், தூசி தட்டுங்கள், 10 வருடமானால் மாற்றிவிடுங்கள். 'கீச் கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம், தொல்லை என்று பிடுங்கிப் போடாதீர்கள். ஏசி, கீசர் பாயின்ட்டைத் தொட்டால் சுட்டாலோ, பிளக் பழுப்பேறியிருந்தாலோ உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பில், பெட்டி, சாட் ஸ்க்ரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இப்போது என்னிடம் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.