சாவி கொடுப்பதா, பேட்டரி மாற்றுவதா?

புதிதாக ஒரு கைக்கடிகாரம் வாங்க நினைத்தபோது என் முன்னால் இருந்தவை முக்கியமாக இரண்டு வகை. சுருள்வில்லின் முறுக்கில் ஓடும் மெக்கானிக்கல் ஒன்று, பட்டன் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இன்னொன்று. வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் சோலார் வகையும் உண்டு, அதைக் கடைசியில் பார்க்கலாம். நான் வாங்கியது குவார்ட்ஸ். ஏன் என்று கேட்டவர்கள், விலைதான் காரணமாக இருக்கும் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். விலையும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது எண்ணெய்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததை முடித்துவிடுவோம். நேரம் காட்டும் துல்லியத்தில் போட்டியே கிடையாது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 15 வினாடி முன்னே பின்னே போகும். மெக்கானிக்கலில் ‘குரோனோமீட்டர்’ என்ற சுவிஸ் சான்றிதழ் பெற்ற உயர்ந்த ரகத்துக்கே ஒரு நாளில் சராசரியாக 4 வினாடி பின்தங்கவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. நாளுக்கு 6 வினாடி என்றால் மாதத்துக்கு 3 நிமிடம். அழகு, கௌரவம், திரும்ப விற்கும்போது கிடைக்கும் விலை ஆகிய மூன்றிலும் நல்ல மெக்கானிக்கல்தான் மேலே. இதில் வாதாட எதுவும் இல்லை.

இரண்டும் நேரத்தை எப்படி எண்ணுகின்றன என்பதுதான் சுவாரசியம். மெக்கானிக்கலுக்குள் பேலன்ஸ் வீல் என்றொரு குட்டிச் சக்கரம் முடியிழை போன்ற ஒரு சுருளோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. இந்தச் சுருளோடு 1675-இல் கடிகாரம் செய்து காட்டியவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ். இன்றைய கடிகாரங்களில் பலவற்றில் அது மணிக்கு 28,800 முறை அடிக்கிறது, அதாவது வினாடிக்கு 8. மெக்கானிக்கலின் வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிவது இதனால்தான். உண்மையில் அதுவும் குதித்துக் குதித்துத்தான் போகிறது, ஆனால் அந்தச் சின்னக் குதிப்புகளை நம் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

குவார்ட்ஸில் ஆடுவது ஒரு படிகத் துண்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிர்கிறது. இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி செய்யப்படுகிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? இது 2-இன் 15-ஆம் அடுக்கு. மின்சுற்று இதை 15 தடவை பாதியாக்கினால் சரியாக வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரை ஒரு படி நகர்த்துகிறது. அதிர்வு இன்னும் வேகமாக இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், மெதுவாக இருந்தால் படிகம் பெரிதாகும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரானில் அதிர்வு 8,192 தான். அது 2-இன் 13-ஆம் அடுக்கு.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

மெக்கானிக்கல் கடிகாரத்தில் சுருள்வில் எந்த நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பு பல்சக்கரங்கள் வழியாக ஒவ்வொன்றாகக் கடந்து பேலன்ஸ் வீலுக்குப் போய்ச் சேர்கிறது. வழியில் ஒவ்வொரு சக்கரத்தின் அச்சு முனையும் ஒரு துளைக்குள் சுழல வேண்டும். பேலன்ஸ் வீலின் அச்சு முனை தலைமுடி அளவுக்குத்தான் தடிமன். உலோகத்தின் மேல் உலோகம் உரசினால் தேயும் என்பதால் அந்தத் துளைகளைச் செயற்கை மாணிக்கக் கல்லில் போடுகிறார்கள். பழைய கடிகாரங்களின் முகத்தில் ‘17 ஜூவல்ஸ்’ என்று பெருமையாக எழுதியிருப்பது இந்தக் கற்களைத்தான். நகை மதிப்பெல்லாம் அவற்றுக்குப் பெரிதாகக் கிடையாது.

கல் மட்டும் போதாது, எண்ணெயும் வேண்டும். அதுவும் இடத்துக்கு இடம் வேறு. சுருள்வில் இருக்கும் உருளைக்குக் கெட்டியான பசை, மெதுவாகச் சுற்றும் சக்கரங்களுக்குக் கொஞ்சம் அடர்த்தியான எண்ணெய், வேகமாக ஆடும் பேலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய். ஒவ்வொரு இடத்திலும் வைப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளி. கல்லில் குடைந்த சின்னக் குழியில் பரப்பு இழுவிசை அந்தத் துளியைப் பிடித்து வைத்திருக்கிறது. துளி அதிகமானால் வழிந்து வேறு பக்கம் போய்விடும், குறைந்தால் அச்சு தேயும்.

இந்தத் துளி என்றைக்கும் அப்படியே இருப்பதில்லை. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் பரவிப்போகும், மீதி காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகும். கடிகாரத்தைக் கட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நடந்துகொண்டுதான் இருக்கும். என் கணக்கில் மெக்கானிக்கலின் உண்மையான செலவு இதுதான். கார் மாதிரி ‘ஓட்டவே இல்லையே, எதற்கு சர்வீஸ்’ என்று கூடக் கேட்க முடியாது. (காரிலும் அப்படிக் கேட்கக்கூடாது, அது வேறு கதை.)

இதைவிட மோசமான விஷயம், எண்ணெய் காய்ந்த பிறகும் கடிகாரம் ஓடும். நேரம் கூட ஓரளவு சரியாகவே காட்டும். உள்ளே அச்சு முனைகள் தேய்ந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. வினாடிக்கு 8 அடி என்றால் நாளுக்கு 6,91,200, வருடத்துக்கு ஏறக்குறைய 25 கோடி. அத்தனை அடியும் காய்ந்த இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் தயாரிப்பாளர்கள் 5 வருடம் என்றும், புதிய எண்ணெய் போட்ட சில ரகங்களுக்கு 10 வருடம் என்றும் ஒரு கெடு சொல்கிறார்கள். அந்த சர்வீஸ் என்பது மூடியைத் திறந்து இரண்டு சொட்டு விடும் வேலை இல்லை. மொத்தத்தையும் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, இடத்துக்கேற்ற எண்ணெய் வைத்து, திரும்பப் பூட்டி, பல கோணங்களில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கைதேர்ந்த ஒருவர் மணிக்கணக்கில் உட்காரும் வேலை. கூலி அதற்கேற்பத்தான் இருக்கும். மலிவான மெக்கானிக்கலாக இருந்தால் சர்வீஸ் செலவு கடிகாரத்தின் விலையையே தொட்டுவிடும்.

குவார்ட்ஸிலும் பல்சக்கரங்கள் உண்டு, எண்ணெயும் உண்டு. ஆனால் அங்கே சுருள்வில்லின் ஓயாத இழுப்பு இல்லை. மோட்டார் வினாடிக்கு ஒரு தடவை லேசாகத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது, நாளுக்கு 86,400 தட்டு. எண்ணிக்கை எட்டில் ஒரு பங்கு, விசையோ அதைவிடப் பல மடங்கு குறைவு. பிளாஸ்டிக் சக்கரம் போட்டாலே தாங்கும் அளவுக்குத்தான் அங்கே வேலை. எண்ணெய் கெட்டியானால் மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும். ‘போன தடவை போட்ட பேட்டரி இவ்வளவு சீக்கிரம் போய்விட்டதே’ என்று தோன்றினால், பேட்டரியை மட்டும் குறை சொல்லாமல் இதையும் யோசிக்கலாம்.

பேட்டரிக் கணக்கும் எளிது. சிறிய சில்வர் ஆக்சைடு பட்டன் செல் 1.55 வோல்ட்டில் சுமார் 25 மில்லி ஆம்பியர் மணி கொடுக்கும். கடிகாரம் சராசரியாக ஒரு மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 25,000 மணி நேரம், கிட்டத்தட்ட 3 வருடம். தீரப்போகிறது என்பதைச் சில கடிகாரங்கள் முன்கூட்டியே சொல்லும்: வினாடி முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டிரண்டாகத் தாவும். அப்போது மாற்றிவிட வேண்டும். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து மின்சுற்றை அரித்துவிடும். குவார்ட்ஸுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கொடுமை இது ஒன்றுதான். அப்புறம், பின்மூடியைத் திறக்கும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தடுப்பது அதுதான், அது காய்ந்து வெடிக்கும். மெக்கானிக்கலுக்கும் இதே விதிதான்.

காந்தத்தில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து மெக்கானிக்கலின் பேலன்ஸ் வீலோடு இருக்கும் முடியிழைச் சுருள் காந்தமாகிவிட்டால், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பிக்கும். காந்தத்தை நீக்கினால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு ஒரு கருவி வேண்டும். குவார்ட்ஸில் மோட்டார் தடுமாறலாம், நிற்கக்கூட நிற்கலாம். காந்தத்தை விட்டு எடுத்ததும் தானாக ஓடும். நேரத்தை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.

வெப்பத்தில் குவார்ட்ஸுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. இசைக்கவைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் மிக வேகமாக அதிரும். அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். வித்தியாசம் 20 டிகிரி ஆனால் நாளுக்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே இழக்கும். மணிக்கட்டின் சூடு கடிகாரத்தை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கிறது. அதனால் குளிர்ந்த அறையில் கழற்றிப் போட்ட குவார்ட்ஸைவிடக் கையில் கட்டியது ஒழுங்காக ஓடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மெக்கானிக்கல் வாங்குபவரைத் தடுக்க மாட்டேன். ஒரு விஷயத்தில் அது குவார்ட்ஸை அடித்துவிடும். தேய்ந்த அச்சை ஒரு நல்ல கைவினைஞர் புதிதாகக் கடைந்து போட்டுவிடலாம், மின்சுற்று செத்துப்போனால் யாராலும் கடைய முடியாது. குவார்ட்ஸ் பழுதானால் வழக்கமாக உள்ளிருக்கும் இயந்திரத்தை முழுதாகவே மாற்றுகிறார்கள். அதே அளவில் மாற்று கிடைக்கும் வரை கவலையில்லை, கிடைக்காமல் போனால் அவ்வளவுதான். பிள்ளைக்கும் பேரனுக்கும் கொடுக்க வேண்டும், சர்வீஸ் செய்ய நம்பகமான ஆளும் பக்கத்தில் இருக்கிறார் என்றால் மெக்கானிக்கல் வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் வாங்கினால் சாவி கொடுக்கும் வேலையும் மிச்சம், கை அசைவிலேயே முறுக்கிக்கொள்ளும். ஆனால் முழு முறுக்கில் பலவும் 40 மணி நேரம் போலத்தான் தாங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றுபோயிருக்கும்.

சோலாரைப் பற்றி நான் அடித்துச் சொல்ல முடியாது. நண்பர்கள் கையில் பார்த்ததோடு சரி, கட்டிப் பழகியதில்லை. அதுவும் குவார்ட்ஸ்தான். முகத்தட்டுக்கு அடியில் சூரிய மின்தகடு, உள்ளே திரும்பச் சார்ஜ் ஆகும் செல். பின்மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம் என்பது ரப்பர் வளையத்துக்கு நல்லது. அறை விளக்கிலும் சார்ஜ் ஆகும், ஆனால் வெயிலோடு ஒப்பிட்டால் மிக மெதுவாக. முழுக்கைச் சட்டைக்குள்ளேயே கடிகாரம் கிடக்கும் என்றாலோ, மாதக்கணக்கில் இருட்டு அலமாரியில் வைப்பீர்கள் என்றாலோ, சாதாரண பேட்டரி வகையையே வாங்கச் சொல்வேன்.