ஒரே கதை, நான்கு வாரம்: ஒரு வாசிப்பு வகுப்பைப் பற்றி

18 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, மேற்கோள் குறி மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஆனால் கதை படித்து முடித்ததும் "இது எதைப் பற்றியது?" என்று யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்வேனே தவிர, அதற்கு மேல் வாய் வராது. அதனால்தான் இணையவழியில் நடக்கும் இந்தச் சிறுகதை வாசிப்பு வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மொத்தம் நான்கு வாரம். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கதை: அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-இல் வெளியிட்ட 'தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ'.

சில பக்கக் கதைக்கு ஆறு மணி நேரமா என்று சேரும்போது தயங்கினேன். இப்போது இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

கதை இதுதான். தன்னை அவமதித்த ஃபார்ச்சுனாட்டோவை, அமோன்டிலாடோ என்ற அரிய மது வந்திருக்கிறது, சுவைத்துப் பார்த்துச் சொல் என்று ஆசை காட்டி நிலவறைக்குள் அழைத்துப் போகிறான் மான்ட்ரெசோர். அங்கே அவனைச் சங்கிலியால் பிணைத்து, உயிரோடு வைத்தே கல்லடுக்கிச் சுவர் எழுப்பிவிடுகிறான். 50 ஆண்டுகள் கழித்து அவனே இதைச் சொல்கிறான். அந்த அவமதிப்பு என்ன என்பதை மட்டும் கடைசிவரை சொல்வதில்லை.

முதல் வகுப்பு முரண்நகை, அதாவது சொல்லும் சொல்லுக்கு நேர்மாறாக உண்மை நிற்பது. வகுப்பாசிரியர் இலக்கணம் எதுவும் சொல்லாமல் நேராக இருமலுக்குப் போய்விட்டார். நிலவறைச் சுவரெங்கும் வெடியுப்புப் பூத்திருக்கிறது. ஃபார்ச்சுனாட்டோ மூச்சு விடாமல் இருமுகிறான். உடம்பைப் பார்த்துக்கொள், திரும்பிவிடலாம் என்று மான்ட்ரெசோர் உருகுகிறான். "இருமல் என்னைக் கொன்றுவிடாது" என்கிறான் ஃபார்ச்சுனாட்டோ. "உண்மை, உண்மை" என்கிறான் மான்ட்ரெசோர். இந்தப் பகுதியை இருவர் இருவராக வாசிக்கச் சொன்னார். எனக்கு வாய்த்தது மான்ட்ரெசோரின் பங்கு. அந்த "உண்மை"யை எவ்வளவு பரிவோடு சொன்னேனோ அவ்வளவுக்கு எனக்கே உடம்பு கூசியது. ஃபார்ச்சுனாட்டோ என்ற பெயருக்கே நற்பேறு பெற்றவன் என்றுதான் பொருள். அவன் உடுத்தியிருப்பதோ கோமாளி உடை, தலையில் மணி கட்டிய கூம்புத் தொப்பி.

இரண்டாம் வகுப்புதான் எனக்குப் பொக்கிஷம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு நான் மறந்துவிட்டிருந்த பகுப்பை எடுத்து இந்தக் கதையின் மேல் வைத்துக் காட்டினார். நிலமும் பொழுதும் எவை? மேலே திருவிழாவின் வெறிக்கூத்து, கீழே எலும்பு அடுக்கிய நிலவறை, நேரமோ அந்தி. அந்த நிலத்துக்குரிய பொருள்கள் ஈரம், வெடியுப்பு, மது, மணி, கொத்தனார் கரண்டி. இவையெல்லாம் சேர்ந்து சுமக்கும் உரி, அதாவது அடிப்படை உணர்வு, என்ன என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பழிவாங்கல் என்றார்கள் பலர். ஒரு பெண் மட்டும், "புதைத்தது புதைந்தபடி இருக்கவில்லை" என்றார். அதன்பிறகு கதையை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. 50 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவனுக்கு எத்தனை வரிசைக் கல் என்று நினைவிருக்கிறது. பதினொன்று. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கல் என்பதும் நினைவிருக்கிறது. வென்றவனுக்கு எதற்கு இவ்வளவு துல்லியம்?

மூன்றாம் வகுப்பில் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல். குறியீடுகளுக்கு ஒரு அட்டவணை அனுப்பியிருந்தார்கள். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அதன் அர்த்தம். மணிக்கு நேரே 'கோமாளித்தனம்' என்று ஒரே சொல். ஆனால் கதையில் அந்த மணி வளர்ந்துகொண்டே போகிறது. நிலவறையில் நடக்கும்போது தள்ளாட்டத்துக்குத் தாளம்போல ஒலிக்கிறது. கடைசியில் சுவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒரே பதிலும் அதுதான். மான்ட்ரெசோரின் குடும்பச் சின்னத்துக்கும் இதே கதி. ஒரு கால் பாம்பை மிதிக்கிறது, பாம்பின் பல் அந்தக் குதிகாலிலேயே பதிந்திருக்கிறது. கால் என்றால் மான்ட்ரெசோர் என்று அட்டவணை முடித்துவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டாலும், குதிகாலில் ஏறிய விஷம் என்னவாயிற்று? அதைக் கேட்க அட்டவணையில் இடமில்லை. குறியீட்டுக்கு அகராதி எழுதிக் கொடுப்பதை அவர்கள் நிறுத்த வேண்டும்.

நான்காம் வகுப்பு கதைசொல்லியைப் பற்றியது. அதில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கடைசிக் கல்லை வைப்பதற்கு முன் அவன் நெஞ்சு நொந்துபோவதாக ஒரு வரி வருகிறது. வகுப்பில் தந்த பிரதியில் அது ஏறக்குறைய இப்படி இருந்தது: "என் நெஞ்சு நொந்தது; நிலவறையின் ஈரம்தான் அப்படிச் செய்தது." என்னிடமிருந்த பழைய தொகுப்பில் அரைப்புள்ளி இல்லை, விளக்கமும் இல்லை. "என் நெஞ்சு நொந்தது — நிலவறையின் ஈரத்தால்." முதல் வடிவத்தில் அவன் நிதானமாகக் காரணம் சொல்கிறான். இரண்டாவதில் உண்மை வாய்தவறி வந்துவிடுகிறது. அந்தக் கோட்டின் நீளத்துக்குள் தடுமாறி, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறான். கதை முழுக்க அவன் பிறரிடம் சொன்ன பொய்களைப் பார்த்தோம். தனக்கே சொல்லிக்கொள்ளும் பொய் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

கையை உயர்த்தி இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. ஆசிரியர் தன் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு வடிவங்களையும் திரையில் அருகருகே போட்டார். மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் கழிந்தது. பிறர் பிடித்த ஒன்றுக்காகத் தன் பாடத்தை விட்டுக்கொடுக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது. இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்க எனக்கு அது ஒன்றே போதும்.

சேர்பவர்கள் முதல் நாளுக்கு முன்பே கதையை ஒருமுறை படித்துவிடுங்கள், முடிவு தெரிந்திருந்தால்தான் முதல் வகுப்பு பிடிபடும். வகுப்புப் பதிவுகள் ஒரு வாரம்தான் இருக்கும்; இரண்டாம் வகுப்பை நேரில் தவறவிட்டவர்கள் அதற்குள் கேட்டுவிட வேண்டும். அடுத்த அணிக்குத் தரும் பிரதியில் அந்தக் கோடு இருக்கும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மெய்ப்பு என்னிடம்தான் வருகிறது.