ரசிகர்கள் திட்டிய நான்கு எஸ்யூவிகள்: எந்தத் திட்டு நியாயம்?

2012 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. பென்ட்லி தன் முதல் எஸ்யூவி எப்படி இருக்கும் என்று காட்ட, இஎக்ஸ்பி 9 எஃப் என்ற மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. முழித்துப் பார்க்கும் பெரிய வட்ட ஹெட்லைட்டுகள், நட்டக்குத்தலாக நிற்கும் கிரில், தடித்த உடம்பு. பென்ட்லி பிரியர்களும் கார் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து வறுத்தெடுத்தார்கள். கம்பெனி வீம்பு பிடிக்கவில்லை. அந்த வருடமே டிசைன் பொறுப்புக்கு லூக் டோங்கர்வோல்க் வந்தார். லம்போர்கினியில் இருந்தபோது முர்சியலாகோ ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தவர். வண்டியை மறுபடி வரைந்தார்கள். 2015ல் பென்டைகா என்ற பெயரில் வெளிவந்தபோது நான்கு வட்ட விளக்குகள் இருந்தன, அந்த முழி மட்டும் இல்லை.

ரசிகர்கள் போட்ட சத்தத்தில் தகடே மாறியது அபூர்வம். மற்றபடி வழக்கம் தெரிந்ததுதான். பெரிய பேட்ஜ் உள்ள கம்பெனி உயரமான வண்டி ஒன்றைக் காட்டும், கார் பைத்தியங்கள் பொங்குவார்கள், கம்பெனி கல்லாவை எண்ணும். 2002ல் போர்ஷே கயேன் வந்தபோதே இது தொடங்கிவிட்டது. போர்ஷேயின் 911 ஸ்போர்ட்ஸ் கார் முகத்தைக் கொண்டுபோய் ஃபோக்ஸ்வேகனின் டுவாரெக் எஸ்யூவி உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். முதல் தலைமுறை கயேனை இன்று பார்த்தாலும் அதை மறுக்க முடியாது. ஆனால் 2020 டிசம்பரில் பத்து லட்சமாவது கயேன் தயாராகி வெளியே வந்தது.

இந்தக் கோபத்தில் இரண்டு ரகம் உண்டு. 'இந்தப் பெயருக்கு இது தேவையா' என்பது ஒன்று. அதற்கு ஆயுசு கம்மி. விற்பனைக் கணக்கு வந்ததும் அடங்கிவிடும். 'இந்த இடத்தில் இந்தக் கோடு சரியில்லை' என்பது இன்னொன்று. இதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பென்ட்லி பென்டைகா, லம்போர்கினி உருஸ், ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன், ஃபெராரி புரோசாங்வே நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவது ரகத்தை மட்டும் பார்க்கலாம்.

முதலில் உயரம், ஏனென்றால் பாதிச் சண்டை அதில்தான். கல்லினன் 1,835 மி.மீ., பென்டைகா 1,742, உருஸ் 1,638, புரோசாங்வே 1,589. நம்ம ஊர் வேகன் ஆர் 1,675 மி.மீ. உயரம். அதாவது 'எஸ்யூவி செய்து மானத்தை வாங்கிவிட்டார்கள்' என்று திட்டு வாங்கிய இரண்டு இத்தாலிய வண்டிகளும் வேகன் ஆரைவிடக் குட்டை. படத்தில் பார்த்துவிட்டுத் திட்டுவதில் உள்ள சிக்கல் இது. பெரிய சக்கரமும் தடித்த கதவும் வண்டியை உயரமாகக் காட்டும், அளவுநாடா வேறு சொல்லும். கல்லினனுக்கும் புரோசாங்வேக்கும் இடையில் கிட்டத்தட்ட 25 செ.மீ. வித்தியாசம். இந்த இரண்டையும் ஒரே வார்த்தையில் எஸ்யூவி என்று சொல்வதே கொஞ்சம் அநியாயம்.

அப்புறம் எலும்பு, அதாவது வண்டியின் அடிச்சட்டகம். கார்க்காரர்கள் இதைத் தளம் என்பார்கள். பென்டைகாவும் உருஸும் ஒரே தளத்தில் பிறந்தவை. எம்எல்பி எவோ என்று பெயர். ஆடி க்யூ7, மூன்றாம் தலைமுறை கயேன் எல்லாம் அதே குடும்பம்தான். இந்தத் தளத்தில் எஞ்சினின் கனம் முன் அச்சை ஒட்டியும் அதைத் தாண்டியும் உட்காரும். அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீளும், முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே இடம் குறையும். பின்சக்கரத்தை ஓட்டும் பெரிய கார்களில் அந்த இடைவெளி தாராளமாக இருக்கும். வண்டிக்கு மிடுக்கு கொடுப்பது அதுதான். அது இல்லாத குறையை எப்படி மறைக்கிறார்கள் என்பதில்தான் இந்த இரண்டு வண்டிகளும் பிரிகின்றன.

பென்ட்லி கோடு போட்டு மறைத்தது. ஹெட்லைட்டிலிருந்து பின்பக்கம் நோக்கி ஒரு மடிப்பு ஓடும், பின்சக்கரத்துக்கு மேலே இன்னொன்று எழும்பும். கண் அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு போவதால் மூக்கின் நீளத்தைக் கவனிக்காது. நல்ல வேலைதான். ஆனால் பின்னால் போய் நின்றால் 2015 வண்டியில் அவ்வளவு திருப்தி இல்லை. சதுர டெயில் லேம்ப், டிக்கிக் கதவின் நடுவே நம்பர் பிளேட். பேட்ஜை மறைத்துவிட்டால் எந்தக் கம்பெனி என்று சொல்வது கஷ்டம். முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இந்தப் பக்கம் தப்பித்துவிட்டது. 2020ல் வந்த புதுப்பிப்பில் பென்ட்லியே அதைச் சரிசெய்தது. டெயில் லேம்பை தன் இரண்டு கதவு கார் கான்டினென்டல் ஜிடி பாணியில் நீள்வட்டமாக்கி, நம்பர் பிளேட்டைக் கீழே பம்பருக்கு இறக்கி, பின்சக்கரங்களுக்கு இடையே அகலத்தை 20 மி.மீ. கூட்டினார்கள். இருபது மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். பழையதையும் புதியதையும் பின்னாலிருந்து பாருங்கள்: பழையது நிற்கும், புதியது ஊன்றி நிற்கும். பழைய பென்டைகா வாங்க நினைப்பவர் என்னிடம் கேட்டால், 2020க்கு முந்தையதைத் தொடாதீர்கள் என்பேன், அதுவும் இந்தப் பின்பக்கத்துக்காக மட்டுமே.

உருஸ் மறைக்கப் பார்க்கவில்லை, மிரட்டிப் பார்த்தது. அறுகோணத் துவாரங்கள், ஒய் வடிவ விளக்குகள், சக்கரத்துக்கு மேலே கோணல்மாணலாக வெட்டிய வளைவு. 1986லேயே லம்போர்கினி எல்எம்002 என்ற முரட்டு நான்குசக்கர ஓட்ட வண்டியைச் செய்ததால், 'எங்கள் பரம்பரையிலேயே உண்டு' என்று சொல்ல ஒரு சாக்கும் இருந்தது. 2012 பெய்ஜிங் கார் கண்காட்சியில் காட்டிய உருஸ் மாதிரி வண்டி மெல்லியதாக, கூர்மையாக இருந்தது. 2017 டிசம்பரில் வெளிவந்த விற்பனை வண்டி அதைவிடக் கனத்துவிட்டது. 'ஆடிக்கு மேக்கப் போட்டிருக்கிறார்கள்' என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது.

அதில் பாதி உண்மை. வெளிர் நிறத்தில் ஒரு உருஸைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் அவ்வளவு கோணங்கள் இருந்தும், முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே அந்த நெருக்கடி அப்படியே தெரியும். கறுப்பில் வாங்கினால் அது காணாமல் போகும், கூடவே அத்தனை கோணங்களும் காணாமல் போகும். மற்ற வண்டிகளில் நிறம் வெறும் ரசனை, இதில் நிறம்தான் பாதி டிசைன். மஞ்சளில் எடுப்பவர்களைக் கேலி செய்வதுண்டு. என் கண்ணுக்கு மஞ்சள்தான் இதற்குப் பொருத்தம். நாடகம் போடுவதென்றால் முழுசாகப் போட வேண்டும்.

ரசிகர்களின் முதல் ரகக் கோபத்துக்கு என்ன ஆனது என்பதற்கும் உருஸ்தான் சாட்சி. 2017ல் லம்போர்கினி விற்ற கார்கள் மொத்தம் 3,815. 2022ல் 9,233, அதில் 5,367 உருஸ். கோபம் அடங்கிவிட்டது. ஆனால் 2024ல் வந்த உருஸ் எஸ்இயில் பானெட்டை இடைவெட்டுக் கோடு இல்லாமல் மூக்கு வரை இழுத்து, ஹெட்லைட்டிலிருந்து அந்த ஒய்யை எடுத்துவிட்டார்கள். முகம் ஒரு சுற்று அமைதியானது. 'கோடு அதிகம்' என்று அலுத்துக்கொண்டவர்கள் சொன்னது வீண் போகவில்லை.

கல்லினன் வேறு ஜாதி. 2018 மே மாதம் அறிமுகமானபோது லண்டன் டாக்ஸி என்றார்கள், ரோல்ஸ் ராய்ஸின் பெரிய கார் ஃபேன்டமை ஊதிப் பெரிசாக்கியது என்றார்கள். டாக்ஸி என்ற திட்டைக் கொஞ்சம் யோசித்தால், அது திட்டே இல்லை என்று தோன்றுகிறது. லண்டன் டாக்ஸி ஏன் அப்படி நிமிர்ந்து இருக்கிறது? தொப்பியைக் கழற்றாமல் ஏறி உட்கார வசதியாக. ரோல்ஸ் ராய்ஸ் வாடிக்கையாளருக்கும் வேண்டியது அதுதானே. ஃபேன்டமோடு பங்கிட்டுக்கொள்ளும் சொந்த அலுமினியச் சட்டகம் என்பதால் முன்சக்கரம் நன்றாக முன்னால் தள்ளி நிற்கிறது, பானெட் நீளம், கதவுக்கு முன்னால் இடம் தாராளம். பென்ட்லியும் லம்போர்கினியும் மறைக்கப் படாதபாடுபட்ட குறை இங்கே பிறவியிலேயே இல்லை. பெட்டி மாதிரி இருக்கிறது என்பது சரிதான். பெட்டியாக இருப்பதை ஒளிக்கவில்லை என்பது அதன் நேர்மை.

இதிலும் இடிக்கும் இடம் பின்பக்கம்தான். 1930களில் பெட்டி படுக்கையை வண்டிக்கு வெளியே கட்டிக்கொண்டு போன காலத்தை நினைவூட்ட, பின்கண்ணாடிக்குக் கீழே டிக்கி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். யோசனை அழகு. ஆனால் 1.8 மீட்டர் உயர வண்டியில் அந்தத் துருத்தல் போதவில்லை. பாதியில் மனசு மாறியது போல நிற்கிறது. அவ்வளவு பெரிய பின்பக்கத்தில் விளக்கு இரண்டும் ஒல்லியாக, செங்குத்தாக, ஓரத்தில் ஒதுங்கி இருக்கின்றன. டிக்கியைத் திறந்தால் கதை மாறும். கேட்டு வாங்கினால் கீழிருந்து இரண்டு தோல் இருக்கைகளும் நடுவில் ஒரு சிறு மேஜையும் மோட்டாரில் வெளியே வந்து விரியும். புல்வெளியைப் பார்த்தபடி உட்காரலாம். நான்கு இருக்கை வண்டியில் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர், டிக்கியைத் திறந்தாலும் உள்ளே இருப்பவருக்கு வெளிக்காற்று படாது. இப்படியெல்லாம் யோசித்தவர்கள் அந்த டெயில் லேம்புக்கு இன்னும் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம்.

2024ல் வந்த இரண்டாம் வடிவத்தில் பின்னால் விட்டுவிட்டு முகத்தில் கை வைத்தார்கள். பம்பர் வரை நீண்டு இறங்கும் பகல் விளக்கு (பகலிலும் எரியும் மெல்லிய விளக்கு), வெளிச்சம் போட்ட கிரில். 2018 முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் இருந்தது. இப்போது கல்யாண மண்டப வாசல். இதில் நான் பழைய கட்சி.

ஆஸ்டன் மார்ட்டினின் எஸ்யூவியான டிபிஎக்ஸை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 2019 நவம்பரில் வந்தபோது வெளித்தோற்றத்துக்குப் பெரிய எதிர்ப்பே இல்லை. ஆஸ்டன் கிரில் இந்த உயரத்தில் நன்றாகவே பொருந்தியது. திட்டெல்லாம் உள்ளே, தொட்டால் வேலை செய்யாத பழைய மெர்சிடிஸ் திரைக்குத்தான். 2024ல் மாற்றிவிட்டார்கள். அலசுவதற்கு அதில் வேறு எதுவும் இல்லை.

கடைசியாக புரோசாங்வே. ஃபெராரி தலைவராக இருந்த செர்ஜியோ மார்க்கியோனி, எஸ்யூவி செய்வதற்கு முன் தன்னைச் சுட வேண்டும் என்ற அளவுக்குச் சொன்னவர். அதனால் 2022 செப்டம்பரில் இது வந்தபோது பேச்செல்லாம் 'இது எஸ்யூவியா இல்லையா' என்பதிலேயே போய்விட்டது. ஃபெராரி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை, ரசிகர்கள் அதை மட்டுமே சொன்னார்கள். அந்தச் சண்டையில் வண்டியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

எலும்பில் நான்கிலும் முதலிடம் இதற்குத்தான். 6.5 லிட்டர் வி12 முழுக்க முன் அச்சுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பின்பக்கம். எடை முன்னால் 49 சதவீதம், பின்னால் 51. மூக்கு குட்டை, பானெட் நீளம், கேபின் பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பானெட்டின் இரு ஓரத்திலும் தகடு சின்னப் பாலமாக எழும்பி நிற்கும், அதன் அடியில் காற்று புகுந்து போகும். சக்கர வளைவைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டை உடம்போடு ஒட்டாமல் தனியாக நிற்பதால் உடம்பு மெலிந்து தெரிகிறது. பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பூட்டியிருக்கும்போது அப்படியொரு கதவு இருப்பதே கண்ணில் படாது. பின்கண்ணாடிக்கு வைப்பர்கூடக் கிடையாது, மேலிருந்து இறங்கும் காற்றே துடைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

குறை முகத்தில். விளக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மெல்லிய பகல் விளக்குக் கோடு ஒன்று காற்றுத் துவாரங்களுக்கு நடுவே செருகியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் துவாரமே கண் மாதிரியும் கண்ணே துவாரம் மாதிரியும் தெரியும். கறுப்பு வண்டியில் பாதகமில்லை, சிவப்பில் அந்தக் குழப்பம் பளிச்சென்று தெரிகிறது. ஃபெராரியை யார் கறுப்பில் வாங்குவார்கள்? எலும்பு கெட்டிருந்தால் எந்தப் புதுப்பிப்பும் காப்பாற்றாது, முகத்தை மாற்ற ஒரு பம்பரும் இரண்டு விளக்கும் போதும். பென்ட்லி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்து காட்டிவிட்டது. ரசிகர்கள் எஸ்யூவியா இல்லையா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு இந்த விளக்கைப் பற்றிச் சத்தம் போட்டிருந்தால், ஃபெராரியின் ஊரான மாரனெல்லோவில் யாராவது பென்சிலை எடுத்திருப்பார்கள்.