சூசன் மோலர் ஒகினோட முதல் புக், கண்டிப்பா படிங்க

'விமன் இன் வெஸ்டர்ன் பொலிட்டிக்கல் தாட்', பெண்ணிய அரசியல் தத்துவ அறிஞர் ஒகின் எழுதி 1979ல வந்த புக்கு, இப்பதான் முழுசா படிச்சு முடிச்சேன், இத்தனை நாள் ஏன் தள்ளிப்போட்டேன்னு வருத்தமா இருக்கு. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ரூசோ, ஜான் ஸ்டூவர்ட் மில்னு நாலு தத்துவவாதிங்களையும் எடுத்து வச்சுக்கிட்டு, 'மனுஷன்'னு இவங்க சொல்றப்போ அதுல பொண்ணுங்க இருக்காங்களான்னு ஒரே கேள்வியத்தான் ஒகின் விடாம கேக்குறாங்க.

பிளேட்டோ பகுதிதான் எனக்கு உசிரு. 'குடியரசு' புக்குல, நாட்ட ஆளுற காவலர் வகுப்புக்கு சொத்தும் கிடையாது குடும்பமும் கிடையாதுன்றாரு, அதனால பொண்ணுங்களும் ஆளலாம்ன்றாரு, ஆனா பின்னாடி எழுதின 'சட்டங்கள்'ல குடும்பம் திரும்ப வந்ததும் பொண்ணு மறுபடி யாரோ ஒருத்தரோட மனைவியா வீட்டுக்குள்ள போயிடுறா. இத படிச்சப்போ புக்க மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ரூசோ சுதந்திரம் சுதந்திரம்னு எழுதிட்டு, கல்வி பத்தின அவரோட 'எமில்' புக்குல வர்ற சோஃபின்ற பொண்ண மட்டும் புருஷனுக்கு பிடிச்ச மாதிரி நடந்துக்கத்தான் வளக்குறாரு, அந்தப் பக்கம் முழுக்க என் பென்சில் கோடுதான்.

அரிஸ்டாட்டில் பகுதி கொஞ்சம் இழுவை. கறுப்பின, உழைக்கிற பொண்ணுங்க பத்தி பேச்சு ரொம்ப கம்மி, அது பெரிய குறைதான்.

ஒகின் நியூசிலாந்துல பொறந்து அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வரைக்கும் போய் பாடம் நடத்தினவங்க, 2004ல 57 வயசுலயே போயிட்டாங்க. இது பிடிச்சா 1989ல வந்த 'ஜஸ்டிஸ், ஜெண்டர் அண்ட் த ஃபேமிலி'யும் எடுங்க, அமெரிக்க தத்துவவாதி ஜான் ரால்ஸோட நீதிக் கோட்பாடு குடும்பத்துக்குள்ள வராம வீட்டு வாசல்லயே நின்னுடுதேன்னு அதுல கேப்பாங்க. அஞ்சுக்கு நாலரை.